சுவரைப் பார்த்துத் தொங்கிய படங்கள்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் ஓய்வு பெறுகிறேன். வயது முப்பத்திரண்டு. சிரிக்க வேண்டாம். நமது ஓவியர் சங்கத்தின் விதிப்படி ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் செயலாளராக இருக்க முடியாது. அந்த விதியை எழுதியவன் நான்தான். எழுதும்போது அது எனக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

போகிறவன் வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. தூரிகை பிடிப்பது, வர்ணம் கலப்பது, தலவாக்கலை மூடுபனிக்கு எவ்வளவு சாம்பல் நிறம் சேர்ப்பது என்றெல்லாம் எழுத மாட்டேன். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் சேர்த்தோம். தெரியாவிட்டாலும் சேர்த்திருப்போம், ஆள் குறைவு. நான் எழுதப்போவது, இந்தச் சங்கத்தை மூன்று முறை எப்படிக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதை. மூன்றும் நல்லெண்ணத்தோடு செய்தவை. அதனால்தான் அவற்றால் இவ்வளவு சேதம்.

தொடக்கத்தில் நாங்கள் பதினொரு பேர். தலவாக்கலையிலிருந்து றொசல்ல வரை ஆளுக்கொரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எல்லோருடைய படங்களும் நுவரெலியாவில் இருந்த ஒரே ஓவியக் கடைக்குத்தான் போகும். கடைக்காரர் கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா. எல்லோரும் மெடம் என்போம். கெட்டவர் இல்லை. போனால் தேத்தண்ணீர் தருவார், வீட்டாரை விசாரிப்பார். ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார்: படத்தின் முன்பக்கத்தில் யாரும் பெயர் எழுதக் கூடாது. எது யாருடையது என்று அவருக்குத் தெரிவதற்காகப் பின்பக்கத்தில் பெயரும் தோட்டமும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்போம். விற்றதும் பழுப்புத் தாளை ஒட்டி அதையும் மூடிவிடுவார். படத்துக்குக் கீழே ‘மலையின் கைகள்’ என்று ஒரு சின்ன அட்டை இருக்கும். பதினொரு பேருக்கும் சேர்த்து அதுதான் பெயர்.

ஒருமுறை காரணம் கேட்டேன். மெடம் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “பெயர் போட்டால் அது ஓர் ஆள் வரைந்ததாகிவிடும், மகன். பெயர் இல்லாவிட்டால் மலையே வரைந்த மாதிரி இருக்கும்.” எனக்குப் புல்லரித்துவிட்டது. பஸ் ஏறி நானுஓயா தாண்டிய பிறகுதான் மலைக்குக் கை கிடையாது என்பது ஞாபகம் வந்தது.

என் அம்மா கொழுந்து பறிப்பவர். தராசில் போடும்போது அவர் பெயரைக் கூப்பிட்டுத்தான் நிறை எழுதுவார்கள். பிறகு அந்தக் கொழுந்து மற்றவர்களுடையதோடு கலந்து லொறியில் போய்விடும், சரி. தராசில் கிடக்கும் அந்த அரை நிமிடமாவது அது அவருடையது. எங்கள் படங்களுக்கு அந்த அரை நிமிடமும் இல்லை.

எங்களில் இது அதிகம் உறுத்தியது மேரி அக்காவைத்தான். அக்கா றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைமடுவம் பார்ப்பவர். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வரைவார். ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குச் சித்திரம் படிப்பிக்க ஆள் தேவைப்பட்டது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்தப் பெயரில் கண்காட்சியில் கலந்துகொண்டதற்குச் சான்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்கா வரைந்த படங்கள் எத்தனையோ நாட்டுக்குப் போயிருந்தன. அவர் வரைந்தவை என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

“அடுத்த மே மாசம் எனக்கு நாப்பது முடியுது தம்பி” என்றார், சங்கம் தொடங்கிய அன்று. “அதுக்குள்ள எம் பேரு ஒரு படத்துக்குக் கீழ வரணும். அதுக்கப்புறம் நீங்க பெரிய எழுத்துல போட்டாலும் எனக்குப் புண்ணியமில்ல.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். பதினொரு பேரில் உயர்தரம் வரை போனவனும் நான்தான். ஆகவே செயலாளர் நான். ஆகவே மனு எழுதியதும் நான். இது முதல் கவிழ்ப்பு.

மூன்று நாள் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லித்தந்த எதையும் விடவில்லை. ‘மேன்மை தங்கிய அம்மையார் அவர்களின் மேலான சமூகத்துக்கு’ என்று தொடங்கி, அவருடைய கருணையை ஒரு பந்தியும் கலையார்வத்தை ஒரு பந்தியும் புகழ்ந்து, நான்காம் பக்கத்தின் அடியில், அவருக்குச் சிரமம் இல்லாத பட்சத்தில், எங்கள் பெயர்கள் குறித்தும் திருவுளம் பற்றுமாறு தாழ்மையுடன் வேண்டினேன். பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். மெடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. காசாளர் முதல் இரண்டு பக்கத்தை வாசித்து மொழிபெயர்த்திருக்கிறார். அதற்குள் மெடத்துக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

அடுத்த முறை போனபோது மனு கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அந்தக் கடையில் எங்கள் பெயரோடு தொங்கிய முதல் படைப்பு அதுதான்.

மேரி அக்கா அதை நின்று பார்த்தார். “நீ சண்டைக்குப் போனியா தம்பி, இல்ல பொண்ணு கேக்கப் போனியா?”

ஆகவே, கேட்க வேண்டியதை முதல் வரியில் கேளுங்கள். மரியாதை கடைசி வரியில் இருந்தால் போதும். மரியாதைதான் முதலில் வரும் என்றால் ஆள் அதோடு எழுந்து போய்விடுவார்.

இரண்டாவது, வேலைநிறுத்தம். மனுவில் பட்ட அவமானத்தில் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஜூலை மாதம் கூட்டம் போட்டு, ஒருவரும் ஒரு படமும் கொடுப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினோம். இரண்டு மாதம் உறுதியாக நின்றோம். ஒருவர்கூட விலகவில்லை. எவ்வளவு உறுதி என்றால், நாங்கள் வேலைநிறுத்தம் செய்கிறோம் என்பதே மெடத்துக்குத் தெரியவில்லை. மழைக்காலம். நுவரெலியாவில் ஈ காக்கை இல்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் மகள் வீட்டில் இருந்தார். திரும்பி வந்ததும், “நல்லதாய்ப் போயிற்று, உள்ளே வைக்கவும் இடமில்லை” என்றாராம்.

அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்கைக் கழுவிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எந்த மாசம் பண்ணினீங்க?”

“ஜூலை.”

“கொழுந்து இல்லாத மாசத்துல ஸ்ட்ரைக் பண்ணினா தொரைக்குச் சம்பளம் மிச்சம்டா. பச்சை தளதளன்னு நிக்கிறப்ப கைய கட்டணும். இந்த லயத்துல பொறந்த நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும். இதத்தான் பதிமூணு வருசம் படிச்சியா?”

உண்மையில் தோட்டத்தில் பிறந்த எவனும் செய்யாத பிழை அது. ஓவியன் ஆனதும் நான் வேறு ஜாதி என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. கொழுந்துக்குத்தான் பருவம், கலைக்கு ஏது பருவம் என்ற நினைப்பு. கலைக்கும் இருக்கிறது. நுவரெலியாவில் அது ஏப்ரல். பூந்தோட்டம், குதிரைப் பந்தயம், கார் நிறுத்த இடமில்லாத தெரு. அந்த மாதத்தில் சுவரில் என்ன மாட்டினாலும் விற்கும்.

மூன்றாவதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விட்டால் கோபுரம் அண்ணன் கட்டாயம் சொல்லிவிடுவார் என்பதால் எழுதுகிறேன். அவருடைய உண்மையான பெயர் சிவபாலன். கோயில் கோபுரங்களுக்கு வர்ணம் பூசியவர் என்பதால் அந்தப் பெயர். எங்கள் படங்களுக்குச் சட்டம் அடிப்பதும், பின்பக்கத்தில் எங்கள் பெயர்களைச் சாண் உயர எழுத்தில் எழுதுவதும் அவர்தான். எங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அவருக்கு வாந்தி வருமாம்.

அடுத்த மார்ச்சில் மெடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏப்ரலில் ஒரு பெரிய ஹோட்டலின் மண்டபத்தில் எங்கள் படங்கள் இருபதை மாட்டப்போவதாகச் சொன்னார். “நீங்கள் படித்த பையன், இங்கிலீஷ் பேசுவீர்கள். அழைப்பிதழில் உங்கள் பெயரை மட்டும் போடுகிறேன். விருந்தினர்களுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசுங்கள். மற்றவர்களை அடுத்த வருடம் பார்ப்போம்.”

அடுத்த வருடம் மேரி அக்காவுக்கு நாற்பத்தொரு வயது நடக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சரி என்றேன்.

அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: ஒருவன் உள்ளே போனால் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம். உங்களுக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும், படித்தவர்களுக்கு அது கட்டாயம் வரும். ஆனால் ஒருவனை உள்ளே எடுப்பது கதவை மூடுவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வேலைக்கு ஹட்டனில் ஒரு கழுத்துப் பட்டியும் வாங்கினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கோபுரம் அண்ணனின் அக்கா மகன் அந்த ஹோட்டலில் மேசை பார்க்கிறார். அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்றே அதன் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. குழுவின் பெயர் ‘பெரட்டு’. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதுபோல எல்லோரும் விடிந்ததும் அதில் தலைகாட்டுவார்கள். அழைப்பிதழின் முகப்பில் மேரி அக்காவின் படம். மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு நிற்கும் பெண்கள், அதில் ஒருத்தி நேராக நம்மைப் பார்க்கிறாள். உள்ளே திறந்தால் என் பெயர்.

குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் கோபுரம் அண்ணன் ஒரே ஒரு கட்டைவிரல் போட்டார். என்னை வாழ்க்கையில் பலர் திட்டியிருக்கிறார்கள், அந்தக் கட்டைவிரல் அளவுக்கு யாரும் திட்டியதில்லை.

திறப்பு விழா நான்கு மணிக்கு. படங்களை மாட்டுவது எப்போதும் எங்கள் ஆட்கள்தான். மெடத்திடம் அதற்கு வேறு ஆள் கிடையாது. நான் சொற்பொழிவாளன் ஆயிற்றே, மூன்று மணிக்கு மேல், கழுத்துப் பட்டியோடு போனேன்.

மண்டபத்தில் பத்துப் பேரும் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். சுவரில் படங்கள் இல்லை. படங்களின் முதுகுகள் இருந்தன. பத்தொன்பது படங்கள் சுவரைப் பார்த்தபடி, இரண்டு ஆள் உயரத்தில், கம்பி முறுக்கி, ஆணி இறுக்கித் தொங்கின. மரச்சட்டம், பழைய சீமெந்துச் சாக்கு ஒட்டு, அதன்மேல் கோபுரம் அண்ணனின் சாண் உயர எழுத்தில் ஒவ்வொருவருடைய பெயரும் தோட்டமும். ‘மேரி, றொசல்ல’ நடுவில் இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் நேராகத் தொங்கியது. அது என்னுடையது.

“ஒன்னோடத திருப்பல, செயலாளரே” என்றார் கோபுரம் அண்ணன். “ஒன் பேருதான் கார்டுல இருக்கே. அது நேரா இருக்கட்டும்.”

பத்தொன்பது முதுகுகளுக்கு நடுவே என் படத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். மெடத்துக்குப் பிடித்த மாதிரி வரைந்தது. ஐந்து பெண்கள், சிவப்புச் சேலை, முதுகில் புத்தம் புதுக் கூடை. அட்டை கடிக்கும் மலையில், ஏழு மணிக் குளிரில், ஐந்து பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் எடுக்கப் போனபோதுகூட வாயை அவ்வளவு திறக்கவில்லை.

மெடம் முகம் வெளுத்து ஓடி வந்தார். “ஏணி எங்கே? யாராவது ஏணி கொண்டுவாருங்கள்!”

ஹோட்டலில் வேலை செய்பவர்கள் பாதிப் பேர் நம் தோட்டத்து ஆட்கள். ஒருவருக்கும் ஏணி எங்கே என்று தெரியவில்லை. சமையலறையில் தேடினார்கள். குளிர்பெட்டியைத் திறந்துகூட ஒருவர் தேடினார்.

“ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் வரைஞ்சவங்க பேரு வரணும் மெடம்” என்றார் மேரி அக்கா, முதல் வரியிலேயே. “வந்துச்சுன்னா ஏணியும் வந்துரும்.”

மெடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் உத்தரவு இல்லை, நம்பிக்கை இருந்தது. அதுதான் கஷ்டம். “மகன், நீங்கள் சொல்லுங்கள் இவர்களுக்கு. அடுத்த வருடம் செய்யலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.”

பேசுவதற்கு ஐந்து நிமிட உரை சட்டைப் பையில் இருந்தது. அதில் ‘மலை’ என்ற சொல் பதினேழு இடத்தில் வந்தது, மேரி அக்கா ஓர் இடத்திலும் வரவில்லை. வாசலில் முதல் கார் வந்து நின்றது.

“ஏணி குடுங்க அண்ணே” என்றேன்.

“ஏணியா? எந்த ஏணி?” என்றார் அவர், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கிருந்த சோபாவின் கைப்பிடியில் ஏறினேன். எட்டவில்லை. சோபாவின் முதுகில் ஏறினேன். கழுத்துப் பட்டி வாயில் மாட்டியது, அதைத் துப்பிவிட்டுக் கம்பியை அவிழ்த்தேன். படம் பாரம். ஒரு கையில் படமும் மறு கையில் சுவருமாக நான் தொங்கியபோது விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா மெதுவாகக் கைதட்டினார். நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். படத்தைத் திருப்பி மாட்டிவிட்டுப் பார்த்தேன். என் பெயரும் கோபுரம் அண்ணனின் எழுத்தில்தான் இருந்தது. மற்றவர்கள் பெயருக்கு எந்த அளவோ அதே அளவு, அதே கறுப்பு. கோபத்தில் ஒரு சுழிகூடக் குறைத்திருக்கவில்லை.

இறங்கும்போது என் கால்விரலில் ஒன்று பிசகியது. அதை வீரத்தழும்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் கொஞ்ச காலம், இப்போது விட்டுவிட்டேன்.

மெடம் இன்னும் அசையவில்லை. அப்போது அந்த வெள்ளைக்கார அம்மாவுடன் வந்த கணவர் கோபுரம் அண்ணனின் படத்தின் முதுகுக்குக் கீழே போய் நின்றார். எழுத்தைப் பார்த்தார், சாக்கு ஒட்டைப் பார்த்தார், தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்த்தார். இந்தப் படம் என்ன விலை, இப்படியே மாட்டிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அண்ணனிடம் மொழிபெயர்த்தேன்.

“பொறத்தாலயா?” என்றார் அண்ணன். பயந்துபோய்விட்டார். “அடப் பாவமே. அந்தப் பக்கம் ரெண்டு மாசம் கெடந்து வரைஞ்சிருக்கேன்னு சொல்லு தம்பி.”

நான் சொன்னேன். அந்த மனிதர், அப்படியானால் இதை வரைந்தவர் யார் என்று மெடத்தைக் கேட்டார். மெடம் வாய் திறந்தார். மலையின் கைகள் என்று சொல்ல வந்திருப்பார். எதிரே சுவரில் சாண் உயரத்தில் ‘சிவபாலன்’ என்று இருந்தது, பக்கத்தில் சிவபாலனே நின்றுகொண்டிருந்தார். மெடம் வியாபாரி. எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். அவருக்கு அன்று ஏப்ரல், எங்களுக்கும் அன்றுதான் ஏப்ரல்.

“அட்டை கொண்டுவாருங்கள்” என்றார்.

எழுத அட்டை இல்லை. விருந்து மேசையில் ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் என்ன உணவு என்று எழுதி வைத்திருந்த மடிப்பு அட்டைகளை ஹோட்டல் ஆட்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதைத் தேட அவர்களுக்கு நேரமே எடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் உட்பக்கம் வெறுமையாக இருந்தது. அட்டையைத் திருப்பி மடித்து, பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டு, மெடமே தன் கையால் எழுதினார். என்னுடையதையும் எழுதினார், ஒன்றும் சொல்லாமல். மேரி அக்கா தன் முறை வந்ததும், “திகதியும் போட்டு ஒரு கையெழுத்தும் வச்சிருங்க மெடம்” என்றார். வைத்தார்.

ஏணி உடனே வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்ததாம், யாரும் கவனிக்கவில்லையாம்.

“பட்டியக் கழட்டு தம்பி” என்றார் கோபுரம் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு. “ஆணியில மாட்டிக்கிட்டா பொணம் எறக்க எங்களால முடியாது.” அது மன்னிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் இன்றுவரை அப்படி ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மே மாதமே மெடம் கடையில் மூன்று படங்களின் பெயர் அட்டைகள் காணாமல் போயின. கேட்டால் காற்று என்றார். திரும்பவும் போனோம், திரும்பவும் அட்டை வந்தது. காற்று அடிக்கடி அடிக்கும். நீங்களும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். எங்களில் இரண்டு பேர் இதெல்லாம் தொல்லை என்று விலகிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. அழைப்பிதழில் பெயர் போட்டுக்கொண்டவன் நான்.

மேரி அக்கா நாற்பது முடிய ஒன்பது நாள் இருக்கும்போது விண்ணப்பத்தைக் கொடுத்தார். வேலை கிடைத்தது. இப்போது அந்தப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார், உங்களில் இரண்டு பேர் அவருடைய மாணவர்கள். நேர்முகத் தேர்வில் நடந்ததை அவரே கூட்டத்தில் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர் சான்றாக வைத்திருந்த அந்த அட்டையை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, உரக்க வாசித்தாராம்: “பருப்புக் கறி. காரம் குறைவு.” பிறகு அக்காவைப் பார்த்து, “இது என்ன?” என்றாராம்.

“அது பின்பக்கம் சார்” என்றிருக்கிறார் அக்கா. “எம் பேரு முன்பக்கம் இருக்கு.”